கல்லாவுக்கு அடுத்து யார்? குடும்ப ஓட்டல்களில் வாரிசுத் திட்டமிடல்: ஓர் எளிய அறிமுகம்

சென்னையில் ‘ஓட்டல்’ என்ற ஒரே சொல் இரண்டு தொழில்களைக் குறிக்கிறது. காலையில் இட்லியும் காபியும் தரும் கடையையும் ஓட்டல் என்கிறோம். ரயிலிலிருந்து இறங்கியவர் பெட்டியுடன் வந்து அறை கேட்கும் விடுதியையும் ஓட்டல் என்கிறோம். எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் கீழ்த்தளத்தில் உணவகமும் மேல்தளங்களில் அறைகளுமாக இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் கட்டடங்களும் உண்டு. இவற்றுள் பலவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பமே நடத்தி வருகிறது. அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும், அத்தகைய தொழிலைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்களுக்கும் இரண்டு கருத்துகளை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று நிலைத்தன்மை, மற்றொன்று வாரிசுத் திட்டமிடல்.

நிலைத்தன்மை என்றால் இன்றைய வியாபாரம் நாளைய வியாபாரத்தின் அடித்தளத்தைத் தின்றுவிடாமல் நடப்பது. நிலத்தடி நீர், எரிவாயு, குப்பை ஆகியவை மட்டுமே இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடத்தின் வலு, வேலையாட்களின் நம்பிக்கை, குடும்பத்துக்குள் இருக்கும் ஒற்றுமை ஆகியவையும் இதில் அடங்கும். வாரிசுத் திட்டமிடல் என்பது, இன்று பொறுப்பில் இருப்பவர் விலகும்போதோ இல்லாமல் போகும்போதோ உடைமையும் அதிகாரமும் தொழிலறிவும் யாரிடம், எப்போது, எந்த நிபந்தனையுடன் சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைப்பது. உயில் எழுதுவது இதில் ஒரு பகுதிதான். அதையே முழுத் திட்டம் என்று எண்ணிவிடுவதுதான் நான் மிகுதியாகக் கண்ட தவறு.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மயிலாப்பூர்ப் பகுதியில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு சிறிய உணவகத்தின் உரிமையாளர் ஒரு மார்கழி இரவில் மாரடைப்பால் காலமானார். சமையல்கட்டில் எல்லோரும் இருந்தார்கள், வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். ஆனால் வங்கி நடப்புக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. பால்காரருக்கும் காய்கறி மண்டிக்கும் எவ்வளவு பாக்கி என்பது அவர் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில், அவருக்கு மட்டும் புரியும் குறியீடுகளில் எழுதப்பட்டிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் கடையைத் திறக்க வந்தபோது, சரக்கு மாஸ்டர், “தம்பி, இனிமேல் நான் யாரிடம் கேட்டுச் சரக்கு எடுக்க வேண்டும்?” என்று கேட்டார். மகனிடம் அதற்குப் பதில் இல்லை, ஏனெனில் அம்மாவும் சித்தப்பாவும் அக்காவும் அந்தக் கேள்விக்கு மூன்று வெவ்வேறு பதில்களை வைத்திருந்தார்கள். கடை மீண்டும் திறந்தது. அதற்குள் மாஸ்டர் வேறிடம் போயிருந்தார், அவருடன் சாம்பாரின் ருசியும் போயிருந்தது. அந்த மகன் சோம்பேறி அல்லர், திறமையற்றவரும் அல்லர். அவரிடம் எதையும் யாரும் ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வட்டங்கள்

குடும்பத் தொழில்களைப் பற்றிய படிப்பில் மிகவும் பயன்படும் ஒரு படம் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரெனாட்டோ டாக்யூரி, ஜான் டேவிஸ் என்ற இருவரும் 1978-ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘மூன்று வட்டங்கள்’ என்ற படம் அது. ஒரு வட்டம் குடும்பம், மற்றொன்று உடைமை, மூன்றாவது தொழில் நிர்வாகம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியுமாறு வரையப்பட்டிருக்கும். ஓட்டலோடு தொடர்புடைய ஒவ்வொருவரும் இந்தப் படத்தில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார். முதலாளி மூன்று வட்டங்களும் சந்திக்கும் நடுவில் நிற்கிறார். மாஸ்டர் நிர்வாக வட்டத்தில் மட்டும் நிற்கிறார். பங்கு உண்டு, ஆனால் ஓட்டல் பக்கம் வருவதில்லை என்ற நிலையில் இருக்கும் தங்கை, குடும்பமும் உடைமையும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறார். பங்கு எதுவும் எழுத்தில் இல்லாமல் விடியற்காலை நான்கு மணி முதல் உழைக்கும் மருமகள், குடும்பமும் நிர்வாகமும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறார்; அவருக்கு உடைமை வட்டத்தில் இடமில்லை.

இப்படத்தின் பயன் என்னவென்றால், சண்டை எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. “இவ்வளவு வருமானம் வருகிறதே, பங்கு எங்கே?” என்று கேட்பவர் உடைமை வட்டத்திலிருந்து பேசுகிறார். “அடுப்பு பழசாகிவிட்டது, வருமானத்தை அதில் போட வேண்டும்” என்பவர் நிர்வாகத்திலிருந்து பேசுகிறார். “அண்ணன் தம்பி மனம் வருந்தக் கூடாது” என்று சொல்லும் தாய் குடும்பத்திலிருந்து பேசுகிறார். மூவர் சொல்வதும் சரி. ஒருவர் பேராசைக்காரர், ஒருவர் கஞ்சர் என்று பட்டம் கட்டுவதற்கு முன் அவரவர் நிற்கும் இடத்தைக் குறித்துப் பார்த்தால், பேச்சு வேறு விதமாகப் போகும். தொடங்கியவர் உயிரோடு இருக்கும்வரை மூன்று வட்டங்களும் அவர் ஒருவரிடமே குவிந்திருப்பதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருக்குப் பின் அவை விலகியே தீரும். எப்படி விலக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் வாரிசுத் திட்டம்.

இலாபத்துக்குள் ஒளிந்திருக்கும் வாடகை

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணியில் சொந்தக் கட்டடம். கீழே சைவ உணவகம், மேலே இரண்டு தளங்களில் 24 அறைகள். தந்தைக்கு 68 வயது. மூத்த மகன் பதினைந்து ஆண்டுகளாகக் கல்லாவில் இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் தணிக்கையாளர். இளைய மகன் டல்லாஸில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஆண்டு இலாபம் 36 லட்சம் ரூபாய் என்றும், நிலமும் கட்டடமும் சேர்ந்து 12 கோடி ரூபாய் பெறும் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் பார்வைக்கு இது நல்ல தொழில். ஆனால் இந்த 36 லட்சத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தை வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் 2 லட்சம், ஆண்டுக்கு 24 லட்சம் வந்திருக்கும் என்று கொள்வோம். மூத்த மகன் செய்யும் வேலைக்கு ஒரு மேலாளரை வைத்தால் மாதம் 70,000 ரூபாய் சம்பளம் தர வேண்டியிருக்கும். தந்தையின் வேலைக்கு 50,000 ரூபாய். இவை இரண்டும் ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். வாடகையையும் சம்பளத்தையும் கூட்டினால் 38 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. அதாவது, உண்மைச் செலவுகளை எல்லாம் கணக்கில் எழுதினால் இந்த ஓட்டல் ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் நட்டத்தில் நடக்கிறது. இலாபம் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது கட்டடத்தின் வாடகையும் இருவரின் கூலியும்தான்.

இந்தக் கணக்கைத் தந்தை இருக்கும்போதே போட்டுப் பார்ப்பதில் பெரிய நன்மை இருக்கிறது. போடாமல் விட்டால், அவருக்குப் பின் இளைய மகன் 12 கோடியில் தன் மூன்றில் ஒரு பங்கை எண்ணிப் பார்ப்பார். தான் நான்கு கோடிக்கு உரியவன், ஆனால் கையில் எதுவும் வருவதில்லை என்று உணர்வார். மூத்தவரோ, பதினைந்து ஆண்டு உழைப்புக்குச் சம்பளம் என்று எதையும் எழுதி எடுத்துக்கொள்ளாமல், ‘ஓட்டல் எனக்குத்தானே வரப்போகிறது’ என்ற நம்பிக்கையில் காலத்தைக் கழித்திருப்பார். இருவருக்கும் நியாயம் உண்டு, இருவர் நியாயமும் ஒன்றோடொன்று மோதும். கட்டடத்தை விற்றுப் பணத்தைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் போகும். சென்னையின் மையப் பகுதிகளில் பழைய ஓட்டல்கள் மறைந்து அடுக்குமாடிகள் எழுவதற்கு வியாபாரம் படுத்ததுதான் காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நிலத்தின் விலை ஓட்டலின் வருமானத்தை விடப் பல மடங்கு வேகமாக ஏறியதும், பங்கு கேட்பவர்களின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை கூடியதும் அதே அளவுக்குக் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இதற்கு ஒரு வழி, நிலத்தையும் தொழிலையும் கணக்கிலும் காகிதத்திலும் பிரித்துவிடுவது. நிலமும் கட்டடமும் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஓட்டலைத் தனி நிறுவனமாக்கி, அதில் பெரும்பங்கு மூத்த மகனுக்குப் போகட்டும். அந்த நிறுவனம் கட்டடத்துக்கு ஒழுங்காக வாடகை செலுத்தட்டும். அது மூவருக்கும் சமமாகப் பிரியட்டும். மூத்தவர் தம் சம்பளத்தை எழுதி எடுத்துக்கொள்ளட்டும். வெளியேற விரும்புபவரின் பங்கை மற்றவர்கள் எந்த மதிப்பீட்டு முறையில், எத்தனை ஆண்டுத் தவணையில் வாங்கலாம் என்பதையும் முன்பே எழுதி வைக்கட்டும். வாடகையைக் கொடுத்த பிறகும் ஓட்டல் தாக்குப்பிடிக்கிறதா என்ற கேள்வி அப்போது ஆண்டுதோறும் எழும். விலையை உயர்த்துவதா, அறைகளைப் புதுப்பிப்பதா, உணவகத்தை மட்டும் வைத்துக்கொள்வதா என்பதை அந்தந்த நேரத்திலேயே முடிவு செய்யலாம். சம பங்கும் நியாயமான பங்கும் எப்போதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளிடம் தந்தையே எடுத்துச் சொன்னால், அதன் எடை வேறு.

வாடகை இடத்தில் நடக்கும் ஓட்டல்களுக்கு வேறு வகைச் சிக்கல். சென்னை மக்களின் நினைவில் நிற்கும் எடுத்துக்காட்டு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கப்பட்ட அந்த உணவகம் 2008-இல் மூடப்பட்டது. அங்கே காருக்குள் அமர்ந்தபடி காபி குடித்த மூன்று தலைமுறை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், புகழ் இருந்தது, பெயர் இருந்தது. நிலம் மட்டும் ஓட்டலுடையதாக இருக்கவில்லை. நிலம் அரசின் கைக்குப் போய், 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. கோயில் நிலத்திலோ தனியார் வாடகைக் கட்டடத்திலோ ஓட்டல் நடத்தும் குடும்பம், குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதை வாரிசுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ‘தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம், வீட்டுக்காரர் நல்லவர்’ என்ற வாய்ப்பேச்சை நம்பி மகனை அதில் அமர்த்துவது அவனுக்குச் செய்யும் தீங்கு.

சட்டம் தானாக என்ன செய்யும்

திட்டம் எதுவும் இல்லையென்றால் வெற்றிடம் ஏற்படும் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தைச் சட்டம் நிரப்பும். ஆனால் குடும்பங்களைச் சட்டம் அறியுமே தவிர, அடுப்பை அது அறியாது.

இந்துக் குடும்பங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறது. உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால், அவருடைய சுய சம்பாத்தியம் மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு இதை 1989-இலேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு வழங்கியது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர்கள் உட்பட எல்லா மகள்களுக்கும் விரிவாக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. ‘பெண்ணுக்குச் சீர் செய்துவிட்டோம், ஓட்டல் பையன்களுக்குத்தான்’ என்ற பழைய எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அறத்திலும் அதற்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து; கணக்கும் சமையலும் வாடிக்கையாளரை வரவேற்கும் பாங்கும் நன்கு அறிந்த மகளைக் கேட்காமலேயே ஒதுக்கிவிட்டு, விருப்பமில்லாத மகனைக் கல்லாவில் கட்டிப்போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். முஸ்லிம் குடும்பங்களில் தனிச்சட்டப்படி, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் இல்லாமல் உயில் மூலம் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான். கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஆகவே அண்டை வீட்டாரின் பத்திரத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வது பயன் தராது.

தொழில் எந்த வடிவில் நடக்கிறது என்பதும் முக்கியம். தனி உரிமையாளராக நடத்தும் கடைக்கு, அவரை விட்டு வேறாக ஓர் உயிர் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணோடு பிணைந்தது; வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், உரிமம் பெற்றவர் இறந்தபின் 90 நாட்கள் வரை அவர் குடும்பத்தாருக்குச் செல்லுபடியாகும். அதற்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, ஒரு கூட்டாளியின் மரணத்தோடு நிறுவனம் கலைந்துவிடும் என்று 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. இருவர் மட்டும் இருந்த நிறுவனத்தில் எழுதியிருந்தாலும் ஒருவர் மட்டும் கூட்டாளியாகத் தொடர முடியாது. தனியார் நிறுவனமோ, 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையோ (எல்எல்பி) உறுப்பினர்களின் மரணத்தால் கலைவதில்லை. தலைமுறை தாண்ட விரும்பும் ஓட்டலுக்கு அந்த வடிவங்கள் பொருத்தமானவை. செலவும் கணக்குத் தாக்கல் வேலையும் கூடும் என்பதையும் அறிந்தே அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாமினி பற்றிய ஒரு பிழையான நம்பிக்கையையும் இங்கே நீக்க வேண்டும். பங்குகளுக்கு நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவர் அவற்றின் முழு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை, சட்டபூர்வ வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நாமினியை நியமித்துவிட்டேன், ஆகவே உயில் வேண்டியதில்லை என்று இருந்துவிடக் கூடாது.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும்; பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. உயிலில் ஒரு வசதி, எழுதியவர் மனம் மாறினால் மாற்றி எழுதலாம். அதுவே ஓர் ஆபத்தும்கூட. வெவ்வேறு ஆண்டுகளில் எழுதிய உயில்கள் கிளம்பினால் எந்தப் பெரிய குடும்பமும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். ஓபராய் ஓட்டல் குடும்பத்தில் பி.ஆர்.எஸ். ஓபராய் 2023 நவம்பரில் மறைந்தபின் உயில்கள் தொடர்பாக எழுந்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் பத்திரம் மூலம் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கடினம். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதினால், அது மீறப்படும்போது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். பிள்ளைகள் மேல் அவநம்பிக்கையா என்று தயங்கும் பெற்றோர் பலர். அந்த ஒரு வரி நல்ல பிள்ளைக்கு எந்தச் சுமையும் ஆகாது.

பெயரையும் மறக்கக் கூடாது. அண்ணன் தம்பிகள் பிரிந்தபின் ஒரே பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ என்றும் ‘நியூ’ என்றும் சேர்த்துத் தனித்தனிப் பலகைகள் தொங்குவதை நகரெங்கும் பார்க்கிறோம். வணிகச் சின்னத்தைப் பதிவு செய்து, அது எந்த நிறுவனத்துக்குச் சொந்தம், மற்றவர்கள் எந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம் என்று எழுதாததன் விளைவு அது.

பத்திரத்தில் எழுத முடியாத சொத்து

பத்திரங்களால் கட்டடத்தைக் கொடுக்க முடியும், கைப்பக்குவத்தைக் கொடுக்க முடியாது. மழைக்காலத்தில் மாவு புளிக்க எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டும், எந்த மண்டியின் துவரம்பருப்பு சீக்கிரம் குழையும், முகூர்த்த நாட்களில் எத்தனை அறைகளைத் தெரிந்தவர்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டும், மாதக் கடைசியில் கணக்கு வைத்துச் சாப்பிடும் மேன்ஷன்வாசியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பவை எல்லாம் எழுதப்படாமல் மனிதர்களுக்குள் இருக்கின்றன. இவற்றைக் கைமாற்ற ஆண்டுகள் ஆகும். அளவுகளை எழுதி வைக்கலாம். இன்றைய ஓட்டல்கள் பலவும் மசாலாப் பொடிகளை நிறுத்து அளந்து பொட்டலமாக்கி வைத்துக்கொள்கின்றன. மீதியைப் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். ஆகவே வாரிசு என்று கருதப்படும் பிள்ளை முதலில் அமர வேண்டிய இடம் கல்லா அல்ல. கொள்முதல், அரவை, சமையல்கட்டு, சப்ளை, அறைப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றிலும் சில மாதங்கள் வேலை செய்துவிட்டுக் கல்லாவுக்கு வருபவரை வேலையாட்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வேறு யாரிடமாவது இரண்டு ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வருவது அதைவிடவும் நல்லது.

வேலையாட்களுக்குத் தர வேண்டிய கடன் ஒன்று கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாமலேயே வாரிசின் தலையில் விழுகிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஓட்டலில், வேலையிலிருந்து விலகுபவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தர வேண்டும். மாதச் சம்பளத்தை 26 நாட்களால் வகுத்து, 15 நாள் சம்பளத்தைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 26,000 ரூபாய் வாங்கும் மாஸ்டர் 30 ஆண்டுகள் உழைத்திருந்தால் அவருக்குச் சேர வேண்டியது 4 லட்சத்து 50 ஆயிரம். அப்படி ஐந்து மூத்த பணியாளர்கள் இருந்தால் அந்தத் தொகை இருபது லட்சத்தைத் தாண்டும். தந்தை இதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்திருந்தால் மகள் அதை நன்றியோடு வழங்குவார். ஒதுக்காவிட்டால், புதிதாகப் பொறுப்பேற்றவர் செய்யும் முதல் வேலை தன்னைத் தூக்கி வளர்த்த மனிதரிடம் தவணை கேட்பதாக இருக்கும்.

நீரும் இப்படித்தான். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, சென்னை ஓட்டல்கள் சில மதியச் சாப்பாட்டை நிறுத்தின, சில நேரத்தைக் குறைத்தன, லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்தன. 2003 முதலே மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம். குழாயைத் தூர்வாரி வைத்திருந்த கட்டடத்துக்கும் பெயருக்குப் போட்டு மறந்த கட்டடத்துக்கும் வேறுபாடு அந்த ஆண்டில் தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்றை ஆண்டுதோறும் ஆழப்படுத்திக்கொண்டே போவது, அடுத்த தலைமுறையின் தண்ணீரை இன்றைய விலையில் விற்பதற்கு ஒப்பாகும். 24 அறைகள் கொண்ட விடுதியில் சூரிய வெப்பத்தில் வெந்நீர் போடுவது, பாத்திரம் கழுவும் நீரை எண்ணெய் பிரித்த பின்பே வெளியேற்றுவது ஆகியவை வாரிசுத் திட்டத்துக்கு வெளியே இருக்கும் சுற்றுச்சூழல் கடமைகள் அல்ல. ஒப்படைக்கப்போகும் பொருளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் வேலைகள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது, வாழையிலையையும் தூக்குவாளியையும் விடாமல் வைத்திருந்த பழைய கடைகளுக்கு மாறுவது எளிதாக இருந்தது. பயன்படுத்திய எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் வந்தது. எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும் பழக்கம் உள்ள கடையை ஏற்கும் பிள்ளை, அபராதத்தையும் சேர்த்தே ஏற்கிறார்.

பிள்ளைகளில் யாருக்குமே விருப்பமில்லை என்றால் என்ன செய்வது? இதை வெட்கத்துக்குரிய செய்தியாகக் குடும்பங்கள் மறைத்துக்கொள்கின்றன. அப்படி மறைக்கும் ஆண்டுகளில்தான் நல்ல வழிகள் அடைபடுகின்றன. ஜப்பானின் யமானாஷி மாவட்டத்தில் உள்ள கெய்யுன்கான் என்ற வெந்நீரூற்று விடுதி, 705-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாக மரபு கூறுவது. உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் நடத்தியதாகச் சொல்லும் கணக்கில், பெற்ற மகன்கள் மட்டுமன்றித் தத்தெடுத்தவர்களும் அடங்குவர். திறமையான மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுப்பது ஜப்பானிய வணிகக் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். 2017-இல் அந்த விடுதி, வாரிசு இல்லாத நிலையில், அங்கேயே பல்லாண்டுகள் பணியாற்றிய ஓர் ஊழியரின் தலைமைக்கு மாறியது. நம் ஊரிலும் முப்பது ஆண்டுகள் உடனிருந்த மேலாளருக்கோ மாஸ்டருக்கோ சிறு பங்கும் முழு நிர்வாகப் பொறுப்பும் கொடுத்து, குடும்பம் உடைமையாளராக மட்டும் இருக்கலாம். தரமாக நடத்தக்கூடிய வெளியாருக்கு நல்ல நிலையில் விற்பதும் கண்ணியமான முடிவே.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் உரிமையாளர்களிடம் நான் பத்திரங்களிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. பத்து நாட்கள் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய் வாருங்கள், கைப்பேசியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள் என்கிறேன். புறப்படும் முன், கல்லா மேசையில் ஒரு நோட்டை வைத்து, ‘அப்பா வந்தபின் கேட்க வேண்டும்’ என்று தோன்றும் ஒவ்வொன்றையும் அதில் தேதியோடு எழுதச் சொல்ல வேண்டும். கையெழுத்தில்லாமல் நின்றுபோன காசோலை, விலை கேட்ட கல்யாண ஆர்டர், முன்பணம் கேட்ட சப்ளையர், சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாத பெட்டி ஆகியவை அதில் இருக்கும். திரும்பி வந்ததும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி நோட்டை மூடிவிட வேண்டாம். பிள்ளைகளையும் மனைவியையும் மாஸ்டரையும் உடன் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியின் எதிரிலும், அடுத்த முறை இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரு பெயரை எழுத வேண்டும். அடுத்த ஆண்டு யாத்திரையை இருபது நாட்களாக்கலாம்.